மாகாண மன்றிலிருந்து மத்திய அரசுக்கு: லால் பகதூர் சாஸ்திரியாரின் அரசியற் பாதை

ஆட்சிப் பொறுப்பை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் அவனை ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பதும், தெளிந்தபின் அவனுக்கேற்ற தொழிலை அவன்பால் விடுதல் வேண்டும் என்பதும் எம் முன்னோர் கண்ட அரசியல் நெறி. வள்ளுவர் இவ்விரண்டினையும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் வகுத்து வைத்தார். மன்னராட்சிக் காலத்தில் இவ்வாராய்ச்சியைச் செய்தவன் மன்னன். குடியாட்சியிலோ அதனைச் செய்யவேண்டியவர்கள் குடிமக்களே. அவர்கள் எதனைக்கொண்டு ஆராய்வது? மேடைப் பேச்சைக் கொண்டா? குலத்தையும் செல்வத்தையும் கொண்டா? ஒருவர் முன்னர் வகித்த சிறிய பதவிகளில் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே நம்பத்தக்க அளவுகோல் என நாம் கருதுகின்றோம்.

பல மாநிலங்களைக் கொண்ட பாரதநாட்டில் இவ்வளவுகோலைப் பயன்படுத்துதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மாநில ஆட்சியிற் பயின்றவர்கள் மத்திய அரசுக்குச் செல்வது அங்கே நெடுநாள் வழக்கம். உத்தரப் பிரதேச முதலமைச்சராயிருந்த கோவிந்த வல்லப பந்த் 1955இல் மத்திய உள்நாட்டமைச்சரானார். பம்பாய் மாநில முதலமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாய் 1956இல் மத்திய அமைச்சரவையிற் சேர்ந்தார். சென்னை மாநிலத்திற் கல்வியையும் நிதியையும் நிர்வகித்த சி. சுப்பிரமணியம் 1962இல் டில்லிக்குச் சென்றார். இவர்களெல்லாருள்ளும், மிகத் தாழ்ந்த படியில் தொடங்கி மிக உயர்ந்த படிவரை சென்றவர் லால் பகதூர் சாஸ்திரியார். அவருடைய பாதையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாதையின் ஒரு முனை எம் இலங்கையையும் தொட்டதாகலின், இவ்வாராய்ச்சி எமக்கு வெறும் அயல்நாட்டுச் சரித்திரமன்று.

இளமையும் கல்வியும்

சாஸ்திரியார் 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, காசிக்கு அணித்தான முகல்சராயிற் பிறந்தார். தந்தையார் ஆசிரியராயிருந்து, பின் அலகபாத்தில் வருமானப் பகுதி இலிகிதரானவர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். தாயார் இராம்துலாரி தேவியார் பிள்ளைகளுடன் தம் தந்தையார் இல்லத்தை அடைந்தார். செல்வமோ செல்வாக்கோ அக்குடும்பத்திற்கு இருக்கவில்லை.

காசியில் உயர்தரப் பாடசாலையிற் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பாடசாலையை விட்டு வெளியேறினார். எனினும் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். தேசிய இயக்கத்தார் நிறுவிய காசி வித்தியாபீடத்திற் சேர்ந்து, தத்துவமும் அறநூலும் பயின்று, 1925இல் 'சாஸ்திரி' என்னும் பட்டம் பெற்றார். சாதியைச் சுட்டும் பெயரை அதற்கு முன்னரே நீக்கியிருந்தார். கற்ற கல்வியைச் சுட்டும் பட்டமே பிற்காலத்தில் அவர் பெயராய் நிலைத்தது. கல்லூரி மாணவர் எண்ணிப் பார்த்தற்குரியது இது.

மாகாணத்திலே

லாலா லஜபதிராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் வாழ்நாள் உறுப்பினராய்ச் சேர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்திற்கு உழைத்ததே அவருடைய முதற் பொதுப்பணி. பின்னர் அலகபாத் நகரசபை உறுப்பினரானார். தெரு, குடிநீர், வடிகால் என்பன பேசப்படும் சபை அது. 1937இல் ஐக்கிய மாகாணச் சட்டசபைக்குத் தெரிவானார். இடையிடையே பல ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார்.

1946இல் மீண்டும் சட்டசபைக்கு வந்த அவரைப் பந்த் தம் பாராளுமன்றச் செயலாளராக வைத்துக்கொண்டார். 1947இல் பொலிசும் போக்குவரத்தும் அவருடைய பொறுப்பாயின. சுதந்திரம் பிறந்து, பிரிவினையின் குழப்பம் வடநாட்டை வருத்திய காலம் அது. கூட்டத்தைக் கலைத்தற்குத் தடியடிக்குப் பதிலாக நீரைப் பாய்ச்சுமாறு பொலிசாரைப் பணித்தவர் என்றும், பேருந்துகளிற் பெண்களை நடத்துநராக நியமித்தவர் என்றும் அவர் நினைவுகூரப்படுகின்றார். இவை சிறு செயல்கள்போலத் தோன்றலாம். அந்நியராட்சியிற் பொலிசாரின் தடியைக் கண்டறிந்த ஒருவர், அப்பொலிசுக்கே தலைவரானபோது முதலில் அத்தடியைப் பற்றிச் சிந்தித்தார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

மத்தியிலே

1951இல் நேரு காங்கிரசுத் தலைமையை ஏற்றபோது சாஸ்திரியாரைக் கட்சியின் பொதுச் செயலாளர்களுள் ஒருவராக்கினார். மாநில அமைச்சர் பதவியைத் துறந்து டில்லிக்குச் சென்ற அவர், முதலாவது பொதுத்தேர்தலுக்கு அபேட்சகர்களைத் தெரிந்தெடுத்தல் முதலாய பெரும்பணியை ஆற்றினார். தேர்தல் முடிந்தபின் மாநிலங்களவை உறுப்பினராகி, 1952 மே மாதத்திற் புகையிரத, போக்குவரத்து அமைச்சரானார். மாகாணத்திற் போக்குவரத்தைப் பார்த்தவருக்கு நாடு முழுவதின் போக்குவரத்தும் வந்து சேர்ந்தது.

நாலாண்டு சென்றது. 1956 செப்ரெம்பரில் மெகபூப்நகருக்கு அருகில் ஒரு பாலம் இடிந்து புகையிரதம் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரியார் இராசினாமாச் செய்ய முன்வந்தார், நேரு ஏற்றுக்கொள்ளவில்லை. நவம்பர் 23ஆந் திகதி தமிழ்நாட்டில் அரியலூருக்கு அருகில் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துச் செல்ல, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற வண்டி ஆற்றில் வீழ்ந்தது. மாண்டவர் தொகை நூற்றுநாற்பதையும் கடந்தது. இம்முறை அவர் தம் இராசினாமாவை வற்புறுத்தினார். விபத்துக்கு அவர் காரணரல்லர் என்பதை எடுத்துரைத்த நேரு, அரசியலமைப்பு நெறிக்கு ஒரு முன்மாதிரியாக அமையும் என்று கூறியே அதனை ஏற்றார்.

இதனைச் சிலர் உணர்ச்சிவயப்பட்ட செயல் என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாலத்தை அமைச்சர் கட்டுவதில்லை. தண்டவாளத்தை அவர் பரிசோதிப்பதுமில்லை. ஆயின் பரிசோதிக்க வேண்டியவர்களெல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கின்றார். அவர் மக்கள் மன்றத்துக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். இலாகாவின் புகழ் அவரைச் சாருமாயின் அதன் பழியும் அவரைச் சாரவேண்டும். பொறுப்பாட்சி என்று நூல்களிற் படிக்கும் கொள்கை இதுவே.

பதவியை விட்டதால் அவர் தாழவில்லை. 1957இல் அலகபாத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தெரிவாகி மீண்டும் அமைச்சரானார். 1958இல் வர்த்தக, கைத்தொழில் அமைச்சையும், பந்த் மறைந்தபின் 1961இல் உள்நாட்டமைச்சையும் ஏற்றார். அவ்வாண்டு அசாம் மாநிலத்தில் வங்காளமொழி பேசும் கச்சார் மக்கள் தம் மொழிக்காகப் போராடியபோது, அம்மாவட்ட நிருவாகத்தில் அவர்கள் மொழி தொடர வழி வகுத்த திட்டம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1963இற் காமராசர் வகுத்த திட்டப்படி மூத்த அமைச்சர்கள் கட்சிப்பணிக்காகப் பதவி விலகியபோது இவரும் விலகினார். 1964 சனவரியில் நேரு நோயுற்றபோது, இலாகா இல்லாத அமைச்சராக மீண்டும் அழைக்கப்பட்டார். மே 27இல் நேரு மறைந்தார். காங்கிரசுத் தலைவர் காமராசர் பலருடைய கருத்தையும் கேட்டறிந்து ஒருமனப்பாட்டை உண்டாக்க, சாஸ்திரியார் தலைவராகத் தெரிவாகி, யூன் 9ஆந் திகதி பிரதமரானார். மூன்றுமுறை பதவியை விட்டு இறங்கியவர் நான்காம்முறை உச்சியை அடைந்தார்.

இணக்கம் காணும் ஆற்றலும் அதன் எல்லையும்

இந்நெடும் பாதையில் சாஸ்திரியார் கற்ற கலை யாது? மாறுபட்டோரை ஓரிடத்தில் இருத்தி, இருசாராரும் ஏற்கத்தக்க நடுவழியைக் காண்பதே அது. நகரசபையிலும் சட்டசபையிலும் கட்சிக் காரியாலயத்திலும் பயின்ற இக்கலையே அவரைப் பிரதமராக்கியது. ஆயினும் எக்கலைக்கும் ஓரெல்லை உண்டு. இதற்கு இரண்டு உதாரணங்கள் காட்டுவோம்.

முதலாவது, மொழிப் பிரச்சினை. இந்தியாவின் அரசியலமைப்பு ஆங்கிலத்திற்குக் கொடுத்த பதினைந்தாண்டுத் தவணை 1965 சனவரி 26இல் முடிவுற இருந்தது. அதன்பின்னும் ஆங்கிலம் தொடர இடமளிக்கும் சட்டத்தை உள்நாட்டமைச்சரான சாஸ்திரியார் 1963இற் கொண்டுவந்தார். ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'லாம்' என்றது சட்டம். 'வேண்டும்' என்றிருத்தல் வேண்டுமெனத் தென்னாட்டார் வாதித்தனர். மாநிலங்களவையில் அண்ணாதுரை இச்சொல்லைப்பற்றியே வற்புறுத்திப் பேசினார். இந்தி ஆதரவாளரையும் எதிர்ப்பாளரையும் ஒருங்கே அமைதிப்படுத்தக் கருதிய அந்த 'லாம்' இருசாராரையும் அமைதிப்படுத்தவில்லை. 1965இல் தமிழ்நாடு கொந்தளித்தது. உயிர்கள் பல மாண்டன. மத்திய அமைச்சர்களான சுப்பிரமணியமும் அளகேசனும் இராசினாமாக் கொடுத்தனர். அதன்பின் சாஸ்திரியார் வானொலியிற் பேசி, நேரு அளித்த உறுதிமொழி காக்கப்படும் என்று கூறினார். அவ்வுறுதி சட்டவடிவம் பெற்றது அவர் மறைந்தபின், 1967இலேயே.

இரண்டாவது, எம் நாட்டைச் சார்ந்தது. மலைநாட்டுத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை உழைத்து வளர்த்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலை. 1954இல் அவரும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை பயனளிக்கவில்லை. சாஸ்திரியார் பிரதமராகி ஐந்து மாதம் நிரம்புமுன், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாருடன் டில்லியில் ஓர் ஒப்பந்தஞ் செய்தார். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் முடிவுசெய்வது, பதினைந்தாண்டில் நிறைவேற்றுவது. இதுவே ஏற்பாடு. பின்னர், 1974இல், அவ்வெஞ்சியோரை இருநாடும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

இருநாட்டு அரசுகளுக்கும் இது நடுவழியாயிருந்தது. சீனாவுடன் 1962இற் போரிட்டுத் தளர்ந்திருந்த இந்தியாவுக்கு அயல்நாடுகளின் நட்பு வேண்டியிருந்தது; இலங்கை அரசுக்கும் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆயின் யாருடைய வாழ்வு பேசப்பட்டதோ அத்தொழிலாளர் அப்பேச்சில் ஒரு கட்சியினராக இருக்கவில்லை. தொகை முதலில் முடிவாயிற்று; அத்தொகைக்குரிய மனிதர் பின்னரே தேடப்பட்டனர். இங்கே பிறந்து இங்கே வளர்ந்தோர் பல்லாயிரவர், தலைமன்னாரிற் கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து, தாம் முன்னர்க் கண்டறியாத ஊர்களுக்குச் சென்றனர். தாயும் மகளும், தமையனும் தம்பியும் வெவ்வேறு நாட்டவராயினர். சென்றவருட் சிலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்தனர். இங்கே நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வழி பிறந்தது. ஒப்பந்தத்துக்குப்பின் முப்பத்தொன்பது ஆண்டுகள்!

அரியலூரில் மாண்ட முன்பின் அறியாத பிரயாணிகளுக்காகப் பதவியை விட்ட அதே பெருமகன்தான் இவ்வொப்பந்தத்தில் ஒப்பமிட்டவர். இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது? ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் சரித்திரமாகாது. நடுவழி காண்பவர், மேசையின் இருபுறத்தும் இருப்போரின் முகத்தைப் பார்த்தே நடுவைக் கணிக்கின்றார். மேசையில் இடம்பெறாதார் அக்கணக்கிற் சேர்வதில்லை. கச்சார் மக்கள் போராடித் தம்மைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர். வாக்குரிமையிழந்து சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளருக்கு அது இயலவில்லை. எனவே குறையை அவருடைய நேர்மையிற் காண நாம் விரும்பவில்லை; அவர் பயின்ற முறையின் எல்லையாகவே காண்கின்றோம்.

முடிவுரை

1965ஆம் ஆண்டுப் போர்க்காலத்திற் போர்வீரனையும் உழவனையும் ஒருங்கே வாழ்த்திய அவருடைய முழக்கம் நாடெங்கும் ஒலித்தது. 1966 சனவரி 10இல் தாஷ்கந்து நகரிற் பாகிஸ்தானுடன் சமாதான உடன்படிக்கை செய்து, அன்றிரவு நள்ளிரவு கடந்தபின் அங்கேயே காலமானார். பத்தொன்பது மாதமே பிரதமராயிருந்தார். வங்கிக் கடனில் வாங்கிய மோட்டார் வண்டியின் கடன் தீருமுன்னரே அவர் இறந்தாரென்றும், அதனைத் துணைவியார் லலிதா தேவியார் பின்னர்த் தீர்த்தாரென்றும் அவர் புதல்வர் கூறியுள்ளார்.

எம் கல்லூரி மாணவர் பலர் நாளை பிரதேச சபையிலோ, நகரசபையிலோ, அரசாங்கக் கந்தோரிலோ, பாராளுமன்றத்திலோ அமர்தல் கூடும். அவர்கள் சாஸ்திரியார் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கன மூன்று. சிறிய பதவியைச் சிறியதென எண்ணாது கற்றுக்கொள்க. தவறு தம் இலாகாவில் நேர்ந்தால் இறங்கத் தயங்காதிருக்க. முடிவொன்றில் ஒப்பமிடுமுன், அம்முடிவாற் பாதிக்கப்படுவோர் அவ்வறையில் இருக்கின்றனரா என ஒருமுறை சுற்றிப் பார்க்க. முதலிரண்டினையும் சாஸ்திரியார் தாமே செய்து காட்டினார். மூன்றாவதனை அவர் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தால் நாடு மாறிய எம் மலைநாட்டு மக்கள் எமக்குக் கற்பித்தனர்.