மெட்ரோ தண்ணீர்: கோளாறு தெருவிலா, சம்ப்பிலா?

சென்னையில் மெட்ரோ தண்ணீர் நாறுகிறது, கலங்கலாக வருகிறது என்று புலம்புகிறவர்களிடம், சம்ப் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்பிய தண்ணீர் நம் வீட்டுச் சேற்றின் மேல் வந்து விழுகிறது. நாம் ஆர்.ஓ. மெஷின் விலை விசாரிக்கக் கிளம்புகிறோம். அதற்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒரு காலைப் பொழுது போதும்.

முதலில் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து உள்ளே வையுங்கள். அது உப்பைத்தான் அளக்கும், கிருமியை அல்ல. சாக்கடை கசிந்த தண்ணீரிலும் அது சமர்த்தாக 300 என்று காட்டும். ஏரித் தண்ணீர், வீராணம், உப்பு நீக்கிய நெம்மேலி கடல்நீர் என்று வரத்து மாறினால் எண்ணும் மாறும், அவ்வளவுதான். ஐ.எஸ். 10500 தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பரவாயில்லை. சில விற்பனையாளர்கள் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீர் பழுப்பாவதையும் ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்பதையும் காட்டி மிரட்டுவார்கள். கரைவது இரும்புக் கம்பி. உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடும். அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும், ஆளும் கிளம்பிவிடுவார்.

நீங்கள் வாங்க வேண்டியது குளோரின் சோதனைப் பெட்டி. நீச்சல் குளச் சாமான் கடையிலோ மீன் தொட்டிக் கடையிலோ கேளுங்கள். மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூரில் இருப்பவர்களுக்கு அலைச்சலே இல்லை. ஓ.டி. திரவம் ஊற்றினால் தண்ணீர் மஞ்சளாகும், டி.பி.டி. மாத்திரை என்றால் இளஞ்சிவப்பு. ஓ.டி. நச்சு, கையில் படக்கூடாது. சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சமையலறைக் குழாயில் மட்டும் பிடித்துப் பார்த்து, நிறம் வரவில்லை என்றதும் மெட்ரோ வாட்டரைத் திட்டுவார்கள். அந்தத் தண்ணீர் மேல் தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. குளோரின் எப்படி மிஞ்சும்? தண்ணீர் வரும் நேரத்திலேயே எழுந்து, மூன்று இடத்தில் பிடியுங்கள்: தெருக் குழாய் சம்ப்பில் விழும் வாய், சம்ப், மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பிய பிறகு சமையலறைக் குழாய். தெருக் குழாயின் முதல் சில நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்து ஒதுக்குங்கள், செடிக்கு ஆகும். சோதனைக் குழாயை அந்தந்தத் தண்ணீராலேயே அலசி, அங்கேயே சோதியுங்கள். பாட்டிலில் பிடித்து வைத்து மத்தியானம் பார்ப்பதெல்லாம் வீண். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, பகல் வெளிச்சத்தில், திரவம் விட்ட பத்து விநாடிக்குள் நிறத்தை ஒப்பிட வேண்டும். தாமதித்தால் மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். அந்த நிறம் கணக்கில் வராது.

குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். தெருவில் 0.5 இருந்து சம்ப்பில் ஒன்றுமில்லை என்றால் சம்ப் அழுக்கு, இல்லையேல் போர் தண்ணீரை அதே சம்ப்பில் விடுகிறீர்கள். போர் தண்ணீரின் இரும்பு குளோரினைத் தின்றுவிடும். போருக்குத் தனித் தொட்டி, குடிக்க மெட்ரோ தனி. இதில் சமரசம் வேண்டாம். சம்ப்பில் இருந்து, சமையலறையில் இல்லை என்றால் மேல் தொட்டியைப் பாருங்கள். மூடி பெரும்பாலும் உடைந்திருக்கும்.

சம்ப் கழுவ: மெயின் சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டபிறகே ஆள் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும். பிரஷ், வெறும் தண்ணீர் போதும். ஆசிட் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

ஆள் வெளியே வந்த பிறகு சம்ப்பை நிரப்பி, மருந்தாகப் பிளீச்சிங் பவுடர். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 6×5×4 அடி என்றால் சுமார் 3,400 லிட்டர். சுத்திகரிப்புக்கு 1,000 லிட்டருக்கு 200 கிராம் பவுடர். மேல் தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் நெடி வரும்வரை திறந்து மூடி, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் ஆகும். செடிக்கு வேண்டாம், குடிக்கவே கூடாது.

அன்றாடக் குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். 25 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு இது. தெருத் தண்ணீரிலேயே போதுமான குளோரின் இருந்தால் இதுவும் தேவையில்லை. பவுடரை அப்படியே சம்ப்பில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துச் சோதியுங்கள். பிரித்து மாதக்கணக்கான பொட்டலத்தில் நெடி இல்லாவிட்டால் தூக்கிப் போடுங்கள். பிளீச்சிங் வாடை பிடிக்காதவர்கள் குடத்தைத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

கிருமி சந்தேகம் தீர ஹைட்ரஜன் சல்பைடு குப்பி இருக்கிறது: தண்ணீர் ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுக்கும். கறுத்தால், சரியாகும்வரை தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

தெருக் குழாயிலேயே குளோரின் இல்லை, அல்லது சாக்கடை வாடை என்றால் பவுடரைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். உள்வரும் வால்வை மூடுங்கள். பக்கத்து வீடுகளில் யாராவது மெட்ரோ குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்றும் பாருங்கள். குழாயில் அழுத்தம் குறைந்தால் விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே இழுபடும். பிறகு 1916-க்கு அழைத்து, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, சோதனையில் என்ன வந்தது என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். அதே தெருவில் இன்னும் நாலு வீட்டாரையும் அழைக்கச் சொல்லுங்கள்.