வரம்புப் புல்லை வெட்டும் உயரமும் களைக் கட்டுப்பாடும்

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டி, 1920ஆம் ஆண்டில் நிறைவுசெய்யப்பட்ட இரணைமடுக் குளத்து நீரைக் கிளிநொச்சி வயல்களில் நிறுத்திவைப்பது வரம்பாகும். அவ்வரம்பைப் பிடித்துவைப்பதோ அதன்மேற் படர்ந்த அறுகாகும்.

நிலம் பண்படுத்துங்கால் வரம்பின் உட்பக்கத்தைச் செதுக்கிச் சேறு பூசுதல் நன்று. நண்டு வளைகளும் அடைபடும். ஆயின் மேற்பரப்பையும் மண்வெட்டியால் மொட்டையாக்குதல் தவறாகும். வெறுமண்ணை ஐப்பசி, கார்த்திகை மழை கரைத்துவிடும். வரம்பு உடைந்தால் நீருடன் இட்ட பசளையும் போய்விடும். வெட்டுண்ட கோரைக் கிழங்குகள் சிதறி, ஒன்று பலவாகும். களைகொல்லி தெளித்தாலும் அறுகு சேர்ந்தே மடியும்.

ஆகவே புல்லை அரிவாளினாலோ புல்வெட்டும் இயந்திரத்தினாலோ 2 முதல் 3 அங்குலம், அதாவது மூன்று நான்கு விரல் அகலம், நிற்கும்படி வெட்டுதல் வேண்டும். எஞ்சிய தூர் விரைவிற் தழைத்து மண்ணை மூடும். நிழலில் களைவிதைகள் எளிதில் முளையா. கோரையையும் நெற்சப்பியையும் ஈரமண்ணில் வேரோடு பிடுங்குக. அவை பூக்குமுன் பிடுங்கினாலன்றி விதை வயலுக்குள் உதிரும்.

காலமும் முக்கியமானது. கதிரிற் பாலை உறிஞ்சும் மூட்டுப்பூச்சி, நெல் பூக்கும்வரை வரம்புப் புல்லிலேயே தங்கும். கதிர் வெளிவந்த பின்னர் புல் வெட்டினால் அது நேரே வயலுள் இறங்கும். எனவே நெல் பூப்பதற்கு இரு வாரத்திற்கு முன்னரே வெட்டி முடித்தல் வேண்டும்.

வெட்டிய புல் மாட்டுக்கு உதவும். விதை பிடியாத புல்லாயின், மிளகாய், கத்தரிப் பாத்திகளில் இரண்டு அங்குலத் தடிப்பாகப் பரப்பலாம்.