வழக்கு வருமுன் காத்தல்

நோய் வந்தபின் மருத்துவரை நாடுவதினும் வருமுன் காத்தல் நன்று என்பதை யாவரும் அறிவர். குற்ற வழக்கும் ஒருவகை நோயே. உடல்நோய் ஒருவரை வருத்தும்; வழக்கோ அவர் வீட்டார் அனைவரையும் வருத்தும். பொருளும் காலமும் அதனால் அழியும். உத்தியோகம் தேடும் இளைஞர்க்கும் கடவுச்சீட்டு வேண்டுவோர்க்கும் நிலுவையிலுள்ள வழக்கு பெருந்தடையாகக் குறுக்கே நிற்கும். கள்வரும் கொலைஞரும் குற்றக் கூண்டில் ஏறுதல் வியப்பன்று. எவர்க்கும் தீங்கு நினையாத உழவரும் வணிகரும் மாணவரும் அங்கு ஏறி நிற்றல் எதனால்? ஒரு நாழிகைப் பொறுமை இன்மையும், அடிப்படைச் சட்ட அறிவு இன்மையும் ஆகிய இரண்டுமே பெரும்பாலும் காரணம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

புதுக்கோட்டையைச் சார்ந்த எம் ஊராகிய திருக்கோகர்ணத்தில் பழைய குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அங்குள்ள பிரகதாம்பாள் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அப்பெயரால் வழங்கிய சிறு நாணயம் 'அம்மன் காசு' எனப்பட்டது. அம்மனை 'அரைக்காசம்மன்' என்று மக்கள் அழைப்பர். வீட்டில் நகையோ பணமோ காணாமற் போயின், வெல்லம் வைத்து அரைக்காசம்மனை வேண்டிக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடுதல் இப்பக்கத்து வழக்கம். யான் கிறிஸ்தவன், எனினும் இவ்வழக்கத்துள் அமைந்த உலகியல் அறிவு எல்லாச் சமயத்தார்க்கும் பொது என்பேன். பொருள் போயிற்று என்று அறிந்த கணத்திற்கும் 'இன்னார் எடுத்தார்' என்று கூறும் கணத்திற்கும் இடையே அது ஓர் அவகாசத்தைத் தருகின்றது. பெட்டியின் அடியிற் கிடந்த மோதிரம் அவ்வேளையில் அகப்பட்டுவிடுமாயின் வேலைக்காரப் பெண் ஒருத்தியின் மானம் பிழைத்ததன்றோ?

அவ்வவகாசம் இல்லாதவிடத்து நிகழ்வது என்ன? ஐயத்திற்குரியவரை அறையில் அடைப்பர், மரத்திற் கட்டுவர், அடிப்பர். பொருளை இழந்தவர் அதுவரை வாதி. கை ஓங்கியபின் அவரே குற்றவாளி. ஒருவரை அடித்தலும் அடைத்துவைத்தலும் தனித்தனிக் குற்றங்கள். 'திருடியவனைத்தானே அடித்தோம்' என்பது விடையாகாது. களவு நிகழ்ந்தது உறுதியாயின் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தலே நெறி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, களவு போன்ற குற்றம் எவ்விடத்தில் நிகழினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். புகாரில் கண்டது வேறு, கேட்டது வேறு, ஐயுற்றது வேறு எனப் பிரித்து எழுதல் வேண்டும். பொய்யென அறிந்தே கொடுக்கும் புகார் கொடுத்தவர்மீதே குற்றமாகத் திரும்பும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் கோவலன் நினைவு வாராதிராது. அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனிடமே தன் மனைவியின் சிலம்பை விலை மதிக்கக் கொடுத்தான் அவன். அயலூரில் அவனுக்கு அறிமுகம் செய்வார் இல்லை. சிலம்பு தன்னதே என்று காட்டச் சான்றும் கையில் இல்லை. தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஆணையிட்டான். சிலம்பினுள் இருந்தது முத்தா மாணிக்கமா என்று ஒரு நாழிகை நின்று பார்த்திருப்பின் மதுரை எரிந்திராது. இக்காதை அரசர்க்குக் கூறும் நீதி ஒன்று. குடிகட்குக் கூறும் நீதி பிறிதொன்று. நகையை விற்பவர் அதை வாங்கிய சீட்டை உடன்கொண்டு செல்லுக. வாங்குபவரும் சீட்டில்லாப் பொருளை மலிவு கருதி வாங்கற்க. பழைய கைபேசியையோ மோட்டார் சைக்கிளையோ முன்பின் அறியாதவரிடம் வாங்கித் திருட்டுப் பொருள் வைத்திருந்தவராக விசாரணைக்கு உட்படுவோர்க்கு இக்காதை கைவிளக்காகும்.

இனி, நாவினாலும் கூட்டத்தினாலும் வரும் வழக்குகளைக் காண்போம். ஒரு சாண் வரப்பு, ஒரு வாய்க்கால் மடை, ஒரு வேலிக்கால்: இவற்றில் எழும் பூசல் முதலில் வசைச் சொல்லாகும், பின் 'உன்னைத் தொலைத்துவிடுவேன்' என்னும் மிரட்டலாகும், இறுதியில் கைகலப்பாகும். பலர் கேட்கும் இடத்தில் ஆபாசச் சொல் வழங்கலும், அச்சுறுத்தலும், காயம் செய்தலும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிக் குற்றங்கள். எல்லை அளந்து காட்டுவது வருவாய்த் துறையின் நில அளவையர் வேலை. உரிமை தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. மண்வெட்டிக்கு அங்கே வேலை இல்லை. வள்ளுவர் அடக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததன் பயனை வரப்பில் நிற்கும்போது உணர்தல் வேண்டும்.

திருவிழாக்களில் இளைஞர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐவரோ அதன் மேற்பட்டோரோ சட்டம் விலக்கிய நோக்கத்துடன் கூடின் அது சட்டவிரோதக் கூட்டம். அந்நோக்கம் பற்றி ஒருவர் செய்யும் குற்றத்திற்கு அக்கூட்டத்தில் உறுப்பாய் நின்ற அனைவரும் பொறுப்பாவர். 'யான் கை ஓங்கவில்லை' என்றல் போதாது. பூசல் தொடங்கும் இடத்தினின்று உடனே விலகி வீடு சேர்தல் கோழைமை அன்று, அறிவுடைமை.

நம்பிக்கையால் வரும் வழக்கும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் தருவதாகக் கூறித் தம் வங்கிக் கணக்கையும் தொலைபேசி இணைப்பையும் பிறர் பயன்படுத்தக் கேட்பார் உளர். மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே செல்லின், முதலில் தேடப்படுபவர் கணக்குக்குரிய மாணவரே. வயது நிரம்பாத தம்பிக்கு வண்டியைக் கொடுப்பாரும் சிந்திக்க. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழின் பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியால் ஒருவர் காயமுறின் ஓடி ஒளியாது, மருத்துவ உதவிக்கு வழி செய்து போலீசார்க்கு அறிவித்தல் ஓட்டுநரின் கடமை. வெற்றுத்தாளில் கையொப்பம் இடுதல் எவர் வற்புறுத்தினும் ஆகாது.

இவ்வளவு காத்தும் அழைப்பு வருமாயின் என் செய்வது? அஞ்சி ஊரை விட்டு ஓடுதலே பெரும்பிழை. கைது தேவைப்படாத வழக்கில், வந்து விளக்கம் தருமாறு போலீசார் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தல் 35-ஆம் பிரிவின் நெறி. அதன்படி நடப்பவரைத் தக்க காரணம் எழுதாமல் கைது செய்யலாகாது. ஒளிபவரோ அப்பாதுகாப்பைத் தாமே இழப்பர். விசாரணைக்காகப் பெண்டிரையும் 60 வயது கடந்தோரையும் அவர் வீட்டிலன்றிப் பிறவிடத்திற்கு வருமாறு கட்டாயப்படுத்தல் ஆகாது. கைதானவர்க்குக் காரணம் தெரிவித்தல் வேண்டும். உறவினர்க்கும் அறிவித்தல் வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்துதல் வேண்டும். தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்ல எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு. வாய் திறந்தால் உண்மையே கூறுக. அறியாததை அறியேன் என்க. பொருளின்மை கருதி அஞ்சவும் வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்டிர், பட்டியலினத்தார், காவலில் உள்ளோர், வருமானம் குறைந்தோர் முதலியோர்க்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

சிறு காயம் போன்ற சில வழக்குகளை, பாதிக்கப்பட்டவர் மனம் இசைந்தால் சமரசமாக முடித்தற்குச் சட்டமே இடம் தருகின்றது. மக்கள் நீதிமன்றம் அதற்கேற்ற இடம். எதிராளியோடு வழியிலேயே ஒப்புரவாகுமாறு மலைப்பிரசங்கம் கூறும் அறிவுரை உலக வாழ்விற்கும் பொருந்துவதே.

நண்பர்களே! மாயவரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) நீதிநூலும் நாவலும் இயற்றியதோடு நில்லாது, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டார். தம்மை ஆளும் சட்டத்தை மக்கள் தம் மொழியில் அறிதல் வேண்டும் என்னும் கருத்தே அத்தொண்டிற் காண்பது. 2024-இல் வந்த மூன்று சட்டங்களின் பெயர்களைக்கூட எம் ஊர்ப் பெரியவர் பலர் சொல்ல இடர்ப்படுவர். அவற்றின் சாரத்தை எளிய தமிழில் எடுத்துரைத்தல் தமிழ் கற்றார் கடன் அன்றோ? விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும், சினத்திற்கும் செயலுக்கும் இடையே ஒரு நாழிகை நிற்குமாறு ஒரு வீட்டார்க்கேனும் உணர்த்துவோமாயின், கூண்டேற இருந்த ஒருவரையேனும் தடுத்தவராவோம்.