துணி ஏன் சுருங்குகிறது?

விசைத்தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் சங்கரன்கோவிலில் பிறந்தும், ஒரு பேண்ட் போன பிறகுதான் எனக்குத் துணியைப் பற்றிப் புத்தி வந்தது. முதலாண்டு ஆடித்தபசுக்கு அம்மா சீட்டு எடுத்துப் பருத்தித் துணி வாங்கித் தந்தாள். அவசரத்தில் அப்படியே தைக்கக் கொடுத்தேன். ஒரே சலவையில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது! "ஏலே, கோடித் துணிய நனைக்காமலா குடுத்த?" என்றாள். வகுப்பில் இழைகளைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது.

தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்பும், இழுவை தளரும். அதனால் நீளம்தான் அதிகம் குறையும். கம்பளி இழையில் செதில்கள் உண்டு. வெந்நீரில் கசக்கினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுருங்கும். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் குடிக்காது. கடும் சூடுதான் ஆகாது. ரேயான் ஈரத்தில் பலமிழக்கும், முறுக்கிப் பிழியாதீர்கள்.

ஆகவே பருத்தியை நனைத்து உலர்த்திய பிறகே தையுங்கள். கம்பளியைக் குளிர்ந்த நீரில் மெல்ல அமுக்கி அலசி, விரித்துக் காயவையுங்கள். சந்தேகமா? துணியில் 10 அங்குலம் குறித்து நனைத்துக் காயவைத்து அளங்கள். 9½ வந்தால் சுருக்கம் 5 சதவீதம்.

அந்தப் பேண்ட் தம்பிக்குச் சரியாகிவிட்டது. அம்மாவின் சீட்டுத் தவணைதான் இன்னும் முடியவில்லை!