இரு தம்ளர்கள்: நீரிழிவும் இருதய நோயும் உடையோர்க்குச் சாறு தகுமா?

கடலூருக்கு மேற்கே, கெடில நதிக்கரையில் திருவந்திபுரம் என்னும் வைணவத் தலம் அமைந்துள்ளது. தேவநாதப் பெருமாள் ஆலயத்தின் எதிரேயுள்ள சிறு குன்றுக்கு ஔஷதகிரி, அதாவது மருந்து மலை, என்று பெயர். அநுமான் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது அதிலிருந்து விழுந்த துண்டே இக்குன்று என்பது ஐதிகம். முகூர்த்த நாட்களில் இங்கு நடைபெறும் விவாகங்கள் பல. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வரும் பெரியோர்களைப் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்பது பழைய முறை. இக்காலத்தில் அத்துடன் ஒரு தம்ளர் பழரசமும் சேர்ந்துகொண்டது.

பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டுவரும் முதியவர் ஒருவர் அந்தத் தம்ளரைக் கையில் வாங்கும்போது, "காப்பியில்தான் சர்க்கரை கூடாது, இது பழந்தானே" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அவரே மறுநாள் விடியற்காலையில், யாரோ சொன்னார்கள் என்று, சுரைக்காய்ச் சாற்றையோ பாகற்காய்ச் சாற்றையோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்ளர் குடிக்கிறார். முதல் தம்ளர் தீங்கற்றது, இரண்டாவது தம்ளர் மருந்து என்பது அவருடைய நம்பிக்கை. இவ்விரண்டு நம்பிக்கைகளும் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வோம்.

நீரிழிவு பட்டணத்து வியாதி என்று இனியும் சொல்வதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி நம் தேசத்தில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் வயது வந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. நீரிழிவு நகரங்களிலே மிகுதி, கிராமங்களிலே குறைவு என்பது உண்மையே. ஆனால், நோய்க்கு முந்திய நிலையில் இருப்போரின் கணக்கைப் பார்த்தால் நகரத்தில் நூற்றுக்கு 15.4, கிராமத்தில் 15.2. ஆகவே நாளைய நோயாளிகளின் தொகையில் கிராமமும் நகரமும் சமமாக நிற்கின்றன. நீரிழிவு முற்றிய இடத்தில் இருதய நோயும் பெரும்பாலும் உடன் வருகிறது.

திருவந்திபுரத்துக்கு அருகிலுள்ள நெல்லிக்குப்பத்தில் 1842-ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை தோன்றியது. நெல்லியின் பெயரைத் தாங்கிய ஊர் கரும்பினால் புகழ் பெற்றது ஒரு விந்தைதான். கரும்பு பயிரிடுவோரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. விளைவிப்பவன் அதை எவ்வளவு அருந்தலாம் என்பதே கேள்வி.

பழம் வேறு, பழச்சாறு வேறு

இதை எளிதில் விளக்க ஒரு சோதனை உண்டு. சுய உதவிக் குழுக் கூட்டத்திலேயே இதைச் செய்து காட்டலாம். நான்கு சாத்துக்குடிப் பழங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உரித்துச் சுளை சுளையாக மென்று தின்னுமாறு ஒருவரிடம் கொடுங்கள். மற்ற மூன்றையும் பிழிந்து வடிகட்டினால் ஏறத்தாழ ஒரு தம்ளர் சாறு கிடைக்கும். அதை இன்னொருவரிடம் கொடுங்கள். பழம் தின்றவர் முடிப்பதற்குள் சாறு குடித்தவர் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார். மூன்று பழத்தின் சர்க்கரை அரை நிமிஷத்தில் அவர் வயிற்றுக்குள் சென்றுவிட்டது. வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கூட்டத்தாருக்குக் காட்டுங்கள். நார்ச்சத்தின் பெரும்பகுதி அதிலேதான் இருக்கிறது. பழத்தை மென்று தின்னும்போது இந்த நார் சர்க்கரையை மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்க விடுகிறது, வயிறும் நிறைந்தாற்போல் தோன்றுகிறது. சாற்றில் அந்தத் தடை இல்லை.

200 மில்லி சாத்துக்குடிச் சாற்றில், மேலே ஒரு துளி சர்க்கரை போடாமலே, ஏறத்தாழ நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும். கரும்புச்சாறாயின் ஆறு தேக்கரண்டிக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில் பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும், தேனையும், நாம் தனியே சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே கணக்கில் வைத்தது. முழுப் பழத்திலுள்ள சர்க்கரையை அக்கணக்கில் சேர்க்கவில்லை. 2013-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சுமார் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முழுப் பழங்களை, முக்கியமாகத் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை, உண்டோரிடையே நீரிழிவு குறைவாகவும், பழச்சாற்றை மிகுதியாகக் குடித்தோரிடையே நீரிழிவு அதிகமாகவும் தோன்றியதை அதில் கண்டார்கள்.

இருதயத்துக்கும் இதில் பங்குண்டு. தேவைக்கு மேல் வந்த சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இந்த விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பெரிதும் வேறுபட்டவை அல்ல. வெல்லம் போட்டால் தோஷமில்லை என்று பானகம் கரைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் நீரிழிவுடையோர் பழமே உண்ணலாகாதோ எனின், உண்ணலாம். நடுத்தரமான கொய்யாப்பழம் ஒன்று, பப்பாளித் துண்டம் இரண்டு, பருவத்தில் ஒரு கைப்பிடி நாவற்பழம் ஆகியவை நல்லவை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முற்றிலும் விலக்கன்று. இரண்டு மூன்று சுளை தின்றால் அந்த வேளைச் சோற்றில் ஒரு பிடி குறைத்துக்கொள்ள வேண்டும். பலாக்காயைக் கறியாகச் சமைத்தால் பழத்தைவிடச் சர்க்கரை மிகக் குறைவு.

காய்கறிச் சாறு

வெள்ளரி, வெண்பூசணி, தக்காளி, நெல்லிக்காய் இவற்றில் சர்க்கரை குறைவு. இரண்டு பெருநெல்லிக்காய், சிறிது இஞ்சி, கறிவேப்பிலை இவற்றை மிக்ஸியில் அரைத்து, வடிகட்டாமல், நீர் கலந்த மோரில் சேர்த்து அரைத் தம்ளர் அருந்தலாம். காரட், பீட்ரூட் சாறுகளில் சர்க்கரை உண்டு என்பதால் அளவு வேண்டும். வாழைத்தண்டைச் சாறு பிழிவதைவிடப் பொரியலாக உண்பதே லாபம். ருசிக்காக உப்பைக் கொட்டுவது இரத்தக் கொதிப்புடையோர்க்கு ஆகாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லா உணவிலுமாகச் சேர்ந்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருத்தல் நலம். திருவந்திபுரத்தில் பக்தர்கள் உப்பையும் மிளகையும் வெல்லத்தையும் சேஷ தீர்த்தத்தில் சமர்ப்பிப்பது வழக்கம். மிளகை மட்டும் நமக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெருமாளுக்கே தாராளமாக விட்டுவிடலாம்!

பாகற்காய்க்கு இரத்தச் சர்க்கரையைச் சிறிது குறைக்கும் குணம் இருக்கலாம் என்று சில சோதனைகள் காட்டின. ஆயினும் மாத்திரைக்குப் பதிலாக அதை நம்புவதற்குச் சான்று போதவில்லை. சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு, நோய் பேசாமல் உள்ளே வளர்ந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் பற்றுகிறது.

சுரைக்காயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 2010-ஆம் ஆண்டில் தில்லியில் நீரிழிவுடைய ஒருவர் சுரைக்காய்ச் சாற்றில் பாகற்காய்ச் சாற்றைக் கலந்து பருகி, வாந்தியும் பேதியும் கண்டு இறந்துபோனார். இதையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு ஒன்றை நியமித்து விசாரித்தது. சுரை, வெள்ளரி, பூசணி முதலிய கொடிகளின் இனத்தில் இயற்கையாகவே குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு உண்டு. நாம் பயிரிடும் சுரையில் அது மிகச் சொற்பம். ஆனால் கடும் வெயிலிலும் வறட்சியிலும் வளர்ந்த கொடியில் அது மிகுந்துவிடக்கூடும். வெளித்தோற்றத்தில் நல்ல காய்க்கும் கசப்புக் காய்க்கும் பேதம் தெரியாது. நாக்கு ஒன்றுதான் அறியும். பாகற்காயோடு கலந்துவிட்டாலோ அந்த நாக்கும் ஏமாந்துபோகிறது!

குழுவின் ஆலோசனை எளிமையானது. சாறு பிழியுமுன் சுரைக்காயின் சிறு துண்டை வாயிலிட்டுப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றுடனும் கலக்கலாகாது. குடித்தபின் வயிற்றுவலி, வாந்தி, பேதி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. இரத்த வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படக்கூடும் என்பதால் தாமதம் உயிருக்கு ஆபத்து. விவசாயிகள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கசப்புக் காய் காய்த்த கொடியிலிருந்து விதை எடுக்கலாகாது, அக்கொடியின் காயைச் சந்தைக்கும் அனுப்பலாகாது. ஐந்து பத்து ரூபாய் நஷ்டம் பெரிதன்று.

கேரளத்தில் இரும்பன்புளி என வழங்கும் பிலிம்பிக்காயின் சாற்றை, கொழுப்பைக் கரைக்கும் என்றெண்ணிக் குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரி சேர்ந்ததாக 2013-இல் மருத்துவ ஏடொன்றில் செய்தி வந்தது. காயிலுள்ள ஆக்ஸலேட் அமிலம் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். பச்சடியிலும் குழம்பிலும் ஒன்றிரண்டு காய் சேர்ப்பது வேறு, பல காய்களைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு.

நெடுநாள் நீரிழிவினால் சிறுநீரகம் தளர்ந்தவர்களும், இருதயத்துக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை உண்போரும், இளநீர், தக்காளிச் சாறு, கீரைச் சாறு இவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். இவற்றில் பொட்டாசியம் உப்பு மிகுதி. அம்மாத்திரைகளில் சில, பொட்டாசியம் உடலைவிட்டு வெளியேறாமல் தடுக்கும். அது இரத்தத்தில் கூடினால் இருதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியவை

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர்க்கு வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கியது. அதன் பயனாளிகளுள் எவரேனும் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கின்றனரா என்று கிராமசபைக் கூட்டத்தில் விசாரிக்கலாம். அங்கத்தினர்கள் தங்கள் இல்லத்து விசேஷங்களில் பழரசத்துக்குப் பக்கத்தில் உப்பிடாத நீர்மோர்ப் பானை ஒன்றையும் வைக்கலாம். ஒருவர் செய்தால் ஊரார் செய்வர்.

பழரசத்தை அடியோடு விலக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நீரிழிவுடையோர்க்கு அதுவே மருந்தாகும் வேளையும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளைமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும், காலையில் மருந்தை எடுத்துக்கொண்டு உணவு தாமதமாகி வயலில் வேலை செய்யும்போது சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே அரைத் தம்ளருக்குச் சற்று மேலாகப் பழச்சாறோ, தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ கொடுக்கவேண்டும். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்தபின் ஆகாரம் கொடுக்கவேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குத் தொலைபேசி செய்யவேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் நீரிழிவுக்காரர் இடுப்பு முடிச்சில் சிறிது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பதும், அது எதற்கென்று உடன் வேலை செய்வோரிடம் சொல்லிவைப்பதும் நல்லது.