கட்டியின்றி வரும் மார்புப் புற்றுநோய்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் சிலப்பதிகாரத்தின் சுவையையோ திருமுறையின் மாண்பையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவ்வாறு எழுதவே யாமும் தாளெடுத்தோம். ஆயின் வலப்பனையையும் இராகலையையும் உடப்புசல்லாவையையும் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து கற்றுச் சென்றோர் அனைவர்க்கும் தாயர் உளர், தமக்கையர் உளர், மனைவியரும் மக்களும் உளர். அவர்களைக் காக்கும் செய்தியொன்று எம் நெஞ்சை நெடுநாளாக அழுத்திக்கொண்டிருக்கின்றது. யாம் மருத்துவர் அல்லேம்; பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே எமது தகுதி. எனினும் கற்றதைப் பிறர்க்குப் புரியுமாறு சொல்லுதல் ஆசிரியர் தொழிலன்றோ?

முதற்கண் சொல்லொன்றை ஆராய்வோம். புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேடு. கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். நாமோ மேட்டின் பெயரை இட்டோம். பொருத்தமான பெயர்தான். ஆயினும் அப்பெயர் நம்மைச் சில வேளைகளில் ஏமாற்றியும் விடுகின்றது. மேடு இருந்தாலன்றோ புற்று, கையிற் கட்டி தட்டுப்படவில்லையே, எனவே அஞ்சுதற்கு ஒன்றுமில்லை என எண்ணிவிடுகின்றோம். மார்புப் புற்றுநோய் பெரும்பாலும் கட்டியாகவே வெளிப்படுதலால் இவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயின் கட்டியே தோன்றாமல் வரும் வகையும் உண்டு. அதனை அழற்சி மார்புப் புற்றுநோய் என்பர். 1924 ஆம் ஆண்டில் லீ, டானன்பாம் என்னும் இருவர் ஆங்கிலத்தில் இப்பெயரை வழங்கினர். மார்புப் புற்றுநோய் நூறு கண்டால் அவற்றுள் ஒன்று முதல் ஐந்து வரையே இவ்வகையின. அரிதென்று கருதி விட்டுவிடுதற்கில்லை. வந்தாரிடத்து இது நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் வளர்வது.

எம் தமக்கையார் கொழுந்து பறித்து ஈட்டிய கூலியில்தான் யாம் ஆசிரிய கலாசாலைக்குச் சென்றோம். 2014 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய இடப்பக்க மார்பு பருத்துக் கனத்தது. கூடைக் கயிறும் நனைந்த சட்டையும் உராய்ந்து வந்த சூடு என அவர் கருதினார். எம் மனைவியிடம் மட்டும், "சூட்டுக் கட்டியாத்தான் இருக்கும், தம்பிகிட்டச் சொல்லிடாதம்மா" என்றாராம். மருந்தகமொன்றில் "சூடு" என்று சொல்லி மாத்திரை பெற்றார்; பத்து நாள் கழித்து மீண்டும் பெற்றார்; பின்னர் பூசுமருந்து. மூன்று மாதமாக எவரும் சட்டையை விலக்கிப் பார்க்கவில்லை. அவரும் காட்டவில்லை. யாம் அறிந்து கண்டிக்கு அழைத்துச் சென்றபொழுது அக்குளிலும் கழலை கண்டிருந்தது.

அக்காலத்து யாம் அறியாதிருந்தவற்றை இனிக் கூறுவோம்.

உடலில் குருதிக் குழாய்களேயன்றி நிணநீர் ஓடும் நுண்குழாய்களும் உள. இவ்வகைப் புற்றின் அணுக்கள் ஓரிடத்தே திரண்டு கட்டியாகாமல், மார்புத் தோலின் நிணநீர்க் குழாய்களுட் புகுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. தேயிலை மலையிற் கான் வெட்டியோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கான் அடைபட்டால் மழைநீர் ஓட வழியின்றி மண்ணில் ஊறி, சரிவு உப்பி நிற்குமன்றோ? அதுவே இங்கும் நிகழ்கின்றது. நீர் தேங்கித் தோல் தடிக்கின்றது. மயிர்க்கால்கள் தோலைக் கீழே பிடித்து நிற்றலால் அவ்விடங்கள் மட்டும் குழிந்து, சுற்றியுள்ள இடம் வீங்குகின்றது. ஆகவே மார்பின் தோல் தோடம்பழத் தோலைப்போற் காட்சியளிக்கின்றது. இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்க.

ஒரு மார்பு மட்டும் விரைவிற் பருத்தலும், நேற்றுவரை அளவாயிருந்த சட்டை ஒருபுறம் இறுகுதலும், தொட்டாற் சுடுதலும், கனத்தலும், வலியோ தினவோ உண்டாதலும் பிற குறிகள். நேராயிருந்த காம்பு தட்டையாகலாம், உள்வாங்கலாம். அக்குளிலோ காறை எலும்பின் அருகிலோ கழலை தோன்றலாம். மார்பில் மூன்றிலொரு பங்கேனும் சிவக்கும் என நூல்கள் கூறும். அவை வெண்ணிறத் தோலை நோக்கி எழுதப்பட்டவை என்பது எம் கருத்து. நம்மவரின் கருந்தோலில் அச்சிவப்பு செவ்வனே புலப்படாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, வெறுமனே கறுத்துப்போனதாகவோ தோன்றலாம். ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாது, மற்றை மார்போடு ஒப்பிட்டு நோக்குதலே தக்கது.

பாலூட்டும் தாய்மார்க்குப் பால் கட்டி மார்பு வீங்கிச் சிவந்து காய்ச்சல் காய்தல் யாவரும் அறிந்ததே. அது கிருமியால் வருவது. உரிய மருந்துண்டால் சில நாளில் தணியத் தொடங்கும். புற்றோ அம்மருந்திற்கு அடங்காது. எனவே ஒரு வாரம், மிஞ்சினாற் பத்து நாள் மருந்துண்டும் முற்றாக மாறாத வீக்கத்திற்கு மறுபடியும் அதே மாத்திரையை வாங்குதல் கூடாது. பாலூட்டாத பெண்ணுக்கு இவ்வீக்கம் வரின் ஐயம் இன்னும் மிகுதல் வேண்டும். இன்னொன்றுங் கூறுவோம். கட்டி இல்லாமையால் மார்புக் கதிர்ப்படத்தில் இந்நோய் சில வேளை தெளிவாகத் தோன்றாது. படம் நன்றாயிருக்கின்றதென வீடு திரும்பிவிடாமல், தோலிலும் உள்ளிருந்தும் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டுமா என வைத்தியரிடம் கேட்டல் வேண்டும். நோயை உறுதிசெய்வது அச்சோதனையே.

வேறொரு அரிய வகையும் உண்டு. 1874 இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் அதனை விளக்கி எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. காம்பிலே சொறிபோலத் தொடங்கிச் செதிலுதிரும், கசியும், புண்ணாகும். சாதாரணச் சொறி பெரும்பாலும் இருபுறமும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்திலே தொடங்கும். இதுவோ ஒருபுறத்தே, காம்பிலே தொடங்கி வெளியே பரவும். பூசுமருந்திற்குச் சிறிது அடங்கியதுபோல் தோன்றுதலும் உண்டு. அதனால் ஏமாந்தோர் பலர். ஆடவர்க்கும், அருகியேயாயினும், மார்புப் புற்று வருமென்பதைப் பழைய மாணவர்கள் அறிவார்களாக.

இனி நாணம் பற்றி ஒரு சொல். கண்ணகி தன் மார்பைத் திருகி மதுரையின்மேல் எறிந்ததை வகுப்பிலே கற்பிக்கின்றோம். திருவண்ணாமலை அம்மைக்கு உண்ணாமுலை எனப் பெயரிட்டுப் பெண்மக்களுக்கும் அப்பெயரை இடுகின்றோம். இலக்கியத்திற் கூசாத நாக்கு, அவ்வுறுப்புக்கு நோய் வந்ததும் ஏனோ "சூடு" என்றும் "நெஞ்சுப் பக்கம்" என்றும் மழுப்புகின்றது. எம் தமக்கையாரின் மூன்று மாதங்களில் ஒரு பகுதியை அந்நாணமே தின்றது.

சென்னையின் முதற் பெண் மருத்துவப் பட்டதாரிகளுள் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையாரும் 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரை மறவாத அம்மையார் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடக்கினார். நம் நாட்டில் மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை இந்நோய்க்கென்றே உள்ளது. கண்டியிலும் சிகிச்சை உண்டு. அழற்சி வகைக்கு முதலில் மருந்தேற்றி, பின் மார்பை அகற்றி, அதன்பின் கதிர்வீச்சு அளித்தல் முறை. அமெரிக்கக் கணக்கின்படி இந்நோய் கண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். பரவுமுன் வந்தோர்க்கு வாய்ப்பு மிகுதி. தமக்கையார் இரண்டாண்டும் நான்கு மாதமும் இருந்தார்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் 'வெல் வுமன் கிளினிக்' 1996 முதல் நடைபெறுகின்றது. 35, 45 வயதினரைச் சிறப்பாக அழைப்பர், மார்பையும் சோதிப்பர், கட்டணமில்லை. ஒருநாட் பேர் போய்விடும் என்றே நம் பெண்கள் தயங்குகின்றனர். அவ்வொரு நாட் கூலியை வீட்டிலுள்ள ஆடவர் ஈடுசெய்தல் அரிதன்று. குறி தோன்றிவிட்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராது வைத்தியசாலைக்கே செல்க. அங்கே சொல்லவேண்டியவை நான்கு: எந்நாளில் தொடங்கிற்று, எந்தப் பக்கம், என்ன மருந்து எத்தனை நாள் உண்டது, குறைந்ததா இல்லையா. இவற்றைக் கொப்பித்தாளொன்றில் எழுதிச் சென்றால் வைத்தியர் முன்னே நாக்குழறாது. எழுதத் தெரியாத தாய்மார்க்கு, ஏழாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளையே எழுதிக்கொடுக்கலாம். எம் மாணவியர் இருவர் அவ்வாறு எழுதிக்கொடுத்திருக்கின்றனர்.