சைக்கிள் டைனமோவும் நண்டு நெபுலாவும்

சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் மிதிக்கக் கனமாயிடும், கவனிச்சிருக்கீங்களா? உள்ளே காந்தம் சுற்றுகிறது. கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அது சும்மா வரலை, நம் கால்தான் கொடுக்குது.

வானத்திலும் இப்படி ஒன்று இருக்கு. 1054-இல் ஒரு விண்மீன் வெடித்ததைச் சீனர்கள் பகலிலேயே பார்த்து எழுதி வைத்தார்கள். அதில் மிஞ்சிய பல்சார் நண்டு நெபுலாவின் நடுவில் இருக்கிறது. குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். நிறையோ சூரியனைவிட அதிகம். நொடிக்கு 30 தடவை சுற்றுது! அது மிக வலுவான காந்தமும்கூட. அங்கே கம்பிச்சுருள் ஏது? தேவையே இல்லை. காந்தம் சுற்றுவதால் உண்டாகும் மின்புலம் எலக்ட்ரான்களைப் பிடுங்கி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கு விரட்டுகிறது. அவை காந்தப்புலத்தில் வளைந்து ஓடும்போது ஒளி வீசும். நெபுலாவின் நடுவில் தெரியும் நீல வெளிச்சம் அதுதான்.

“மிதிக்க ஆளே இல்லையே டீச்சர், சக்தி எங்கிருந்து வருது?” என்று கேட்டேன். “அது சுற்றுதே, அதிலிருந்துதான்” என்றார். யோசித்தால் சரிதான்! பல்சார் மெதுவாகிக்கொண்டே வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை 10 கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் 4 பங்கு, தினமும் கூடுது. இப்படிச் சுழற்சியில் குறையும் சக்தியையும் நெபுலா செலவழிக்கும் சக்தியையும் 1960-களின் கடைசியில் கணக்குப் போட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தது.